வாங்கியதும் விளையாடியதும்

கடந்த தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு மாலைப் பொழுது. ஒரு தாய் தம் மகனைக் கையைப் பிடித்துப் பங்குப் பணியகத்திற்கு அழைத்து வந்தார். பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும், பீடச்சிறுவன். "சாமி, இவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். கையில போனை எடுத்தா சோறு தண்ணி வேண்டாம். எந்நேரமும் கேம்தான்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாய் சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அறிவுரை சொல்வதற்கென்றே குருக்களாகிய எங்களுக்கு ஒரு முகம் உண்டு. அதை அணிந்துகொண்டு நான் பையனை நோக்கினேன். அவனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மேசையின்மேல், திருமுழுக்குப் பதிவேட்டிற்கும் நாள்காட்டிக்கும் இடையே கிடந்த கறுப்பு நிறக் கருவி ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றான். வீடியோ விளையாட்டு ஆடுவோர் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளும் கருவி அது; கடைகளில் கன்ட்ரோலர் என்று கேட்டால் தருவார்கள். அது என்னுடையது. பையன் புரிந்துகொண்டான். அவன் புரிந்துகொண்டதை நானும் புரிந்துகொண்டேன். தாய்க்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

ஆம், வாசகர்களே, ஐம்பது வயதைத் தாண்டிய இந்தப் பங்குத்தந்தை வீடியோ விளையாட்டு விளையாடுகிறவன். இதை எழுத்தில் சொல்வது இதுவே முதல் முறை. குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் அலுவலக அறைக்கு ஒரு கணினி வந்தது. அதில் எவரோ 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்னும் விளையாட்டை ஏற்றி வைத்திருந்தார். அறுபது நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்க வேண்டும். தவறினால் எல்லாம் முடிந்தது. 1989-இல் அதனை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர், தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படமெடுத்து, அந்த அசைவுகளைக் கோடு கோடாகத் திரைக்கு மாற்றினார் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். நாங்கள் அன்று கண்டது கறுப்பு வெள்ளைத் திரையில் உயிருள்ள ஒரு மனிதன் விளிம்பைப் பற்றித் தொங்குவதை. அந்தத் தாவலை என் விரல்கள் இன்றும் மறக்கவில்லை. அதிபர் தந்தை ஒருநாள் எங்களைக் கண்டுவிட்டார். கணினி அறைக்குப் பூட்டு வந்தது. பிறகு பணிப்பொறுப்புகள் வந்தன, நெடுங்காலம் இவற்றை நான் நினைக்கவும் இல்லை. பெங்களூரில் பணிபுரியும் என் அக்காள் மகன் தன் பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்தபோதுதான் இரண்டாம் இளமை தொடங்கிற்று.

விளையாட்டில் குற்றம் இல்லை என்பதற்குப் புனித தாமஸ் அக்குவினாரையே நான் துணைக்கு அழைப்பேன். மனம் களைப்பு நீங்குவதற்கு விளையாட்டு வேண்டும் என்றும், அதில் ஒரு நற்பண்பே உண்டு என்றும் அவர் தம் இறையியல் தொகுப்பில் விளக்குகிறார். அளவுமீறிய விளையாட்டும் குறையே. விளையாட்டே அறியாத கடுமையும் குறையே என்பது அவருடைய தீர்ப்பு. ஆகவே விளையாடியதற்காக நான் நாணவில்லை. நான் நாணுவது வாங்கியதற்காக.

இந்த விளையாட்டுகள் விற்கும் முறையை அறியாத வாசகருக்குச் சிறிது விளக்க வேண்டும். முன்பெல்லாம் குறுந்தகடு வாங்க நகரத்திற்குப் போக வேண்டும். இன்று 'ஸ்டீம்' என்னும் இணையச் சந்தை இருக்கிறது. 2003-இல் வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் தொடங்கியது. விளையாட்டின் பெயரைத் தொட்டால் ரூபாயில் விலை காட்டும். பணம் கட்டினால் கணினிக்கே இறங்கிவிடும். இதில் 'விருப்பப் பட்டியல்' என்று ஒன்று உண்டு. இப்போது வாங்க இயலாதவற்றை அதில் குறித்து வைக்கலாம். விலை குறைந்ததும் சந்தையே மின்னஞ்சல் அனுப்பி நம்மை எழுப்பும். கோடையிலும் கிறிஸ்துமஸ் காலத்திலும் பெருந்தள்ளுபடி வரும். எழுபத்தைந்து விழுக்காடு குறைப்பு என்று பச்சை நிறத்தில் மின்னும்போது, அந்தப் பொருள் நமக்குத் தேவையா என்னும் வினாவே எழுவதில்லை. மீதமாகும் பணத்தைத்தான் மனம் கணக்கிடுகிறது. ஆடித் தள்ளுபடியில் சேலை வாங்கி அடுக்கும் பெண்களைக் குறித்து நானே மறையுரையில் கேலி பேசியதுண்டு. கடந்த கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் நான் ஏழு விளையாட்டுகள் வாங்கினேன். மொத்தம் 2,640 ரூபாய். தவக்காலம் பிறந்தபோது அவற்றில் இரண்டைத்தான் திறந்திருந்தேன்.

வாங்கினேன் என்று எழுதுவதும் சரியன்று. 2024 அக்டோபர் முதல் ஸ்டீம் சந்தையில் பணம் கட்டும் இடத்தில் ஒரு சிறு வரி தோன்றுகிறது: தரப்படுவது பொருள் அன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று. கலிபோர்னியா மாநிலம் இயற்றிய ஒரு சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வரவிருந்ததால் இந்த உண்மை வெளியில் சொல்லப்பட்டது. உரிமம் என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கு 'தி க்ரூ' என்னும் காரோட்ட விளையாட்டு எடுத்துக்காட்டு. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட அதனை விளையாட இணையத் தொடர்பு கட்டாயம். 2024 மார்ச் 31-இல் நிறுவனம் தன் வழங்கிகளை நிறுத்திற்று. காசு கொடுத்தவர்களின் அலமாரியில் தட்டு இருந்தது. தட்டுக்குள் விளையாட்டு இல்லாமற் போயிற்று. இதனை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் மனுவில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் 2025 ஜூலைக்குள் கையொப்பமிட்டிருந்தனர்.

தட்டு என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்று நினைவிற்கு வருகிறது. கையில் பிடித்துப் பார்க்கும்படி ஒன்றாவது வேண்டும் என்னும் பழைய ஆசையால், நகரத்துக் கடை ஒன்றில் அழகிய பெட்டியொன்றை வாங்கி வந்தேன். அறைக்கு வந்து திறந்தால் தட்டு இல்லை. ஒரு துண்டுச் சீட்டும் அதில் சில எழுத்துகளுமே இருந்தன. அந்த எழுத்துகளைக் கணினியில் தட்டினால் விளையாட்டு இணையத்திலிருந்து இறங்குமாம். கடைக்காரரிடம் கேட்டேன். "இப்ப எல்லாம் அப்படித்தான் வருது சார், பெட்டி அழகுக்குத்தான்" என்றார். அந்தப் பெட்டி இன்னும் என் புத்தக அலமாரியில், விவிலிய விளக்கவுரைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது.

பையனிடம் திரும்புவோம். அவன் விளையாடியது இலவச விளையாட்டு. துப்பாக்கி ஏந்திச் சுடுவது. போனில் இறக்கக் காசு இல்லை. ஆனால் உள்ளே 'டைமண்ட்' என்று ஒரு நாணயம் உண்டு. அதை உண்மையான பணத்தால் வாங்கினால் தன் வீரனுக்குப் புதுச் சட்டை அணிவிக்கலாம், துப்பாக்கிக்கு வண்ணம் பூசலாம். சட்டை மாற்றினால் குறி தவறாது என்பதில்லை. சட்டை மாற்றாதவனை நண்பர்கள் ஏளனம் செய்வார்கள், அவ்வளவுதான். சில சட்டைகள் நேரடியாகக் கிடைப்பதும் இல்லை. சக்கரம் சுழற்ற வேண்டும், எது விழும் என்பது அதிர்ஷ்டம். இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜிய நாடு 2018-இல் அறிவித்துவிட்டது. நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இணைய ரம்மியில் வீடு இழந்த குடும்பங்களின் கண்ணீரை அறிந்த எவரும் அதை வரவேற்பர். ஆனால் பையனின் சட்டைகள் பந்தயப் பணம் அல்லவே. அவன் தாயின் போனில், தாயின் இரகசிய எண்ணை அறிந்துகொண்டு, மகளிர் குழுவிற்குக் கட்ட வைத்திருந்த தவணையிலிருந்து சிறுகச் சிறுக எடுத்தான். எவ்வளவு என்று கேட்டேன். தாய் சொன்ன தொகை 2,800 ரூபாய்.

என் 2,640 உடனே நினைவுக்கு வந்தது. அது என் படித்தொகை, அவனுடையது தாயின் கடன். இந்த வேறுபாட்டை எந்த ஒழுக்கவியல் பேராசிரியரும் ஏற்றுக்கொள்வார். ஆயினும் அன்று என் நாக்கு எழவில்லை. "அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு ரெண்டு பேரும் வாங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

என் நாக்கு எழாமற்போனதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அந்த ஏழில் நான் திறந்த இரண்டில் ஒன்று 'பென்டிமென்ட்'. 2022 நவம்பரில் அமெரிக்காவின் அப்சிடியன் நிறுவனம் வெளியிட்டது. இயக்கிய ஜாஷ் சாயர் வரலாறு பயின்றவர். கதை நிகழ்வது பதினாறாம் நூற்றாண்டின் பவேரியாவில், தாஸிங் என்னும் கற்பனைச் சிற்றூரிலும் அதனருகே உள்ள துறவு மடத்திலும். தொடங்கும் ஆண்டு 1518; லூத்தரின் குரல் அப்போதுதான் எழுந்து பரவுகிறது. நாம் ஆந்திரேயாஸ் என்னும் ஓவியர். மடத்தின் எழுத்தறையில் அமர்ந்து கையெழுத்துச் சுவடிகளுக்கு வண்ணம் தீட்டுகிறோம். திரை முழுவதும் அக்காலச் சுவடி ஓவியமாகவும் மரச்செதுக்கு அச்சாகவும் வரையப்பட்டிருக்கிறது. பேச்சொலி கிடையாது, பேசுவதெல்லாம் எழுத்தாகவே விழுகிறது. துறவியர் பேசினால் தடித்த கோணல் எழுத்து, உழவர் பேசினால் கிறுக்கல் எழுத்து, அச்சகத்தார் பேசினால் ஈய அச்சு. பேசுவோர் தடுமாறும்போது எழுத்துப் பிழை விழுந்து, பின் அழிக்கப்பட்டுத் திருந்துகிறது. இறைவனின் பெயர் வரும் இடத்தில் பேனா வெற்றிடம் விட்டுச் செல்கிறது. வாக்கியம் முடிந்தபின் சிவப்பு மையால் அதை நிரப்புகிறது. ஒரு வீடியோ விளையாட்டில் இதைக் கண்டபோது நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மடத்தில் ஒரு பிரபு கொலையுறுகிறார். முதிய துறவி ஒருவர்மீது பழி விழுகிறது. அவர் ஆந்திரேயாஸின் நண்பர். அவரைக் காப்பாற்ற வேண்டுமானால் வேறொருவரைச் சுட்ட வேண்டும். சான்றுகளைத் தேட நேரம் சிறிதே உண்டு. ஒருவர் வீட்டில் உணவருந்தப் போனால் மற்றவர் வீட்டுக்குப் போக இயலாது. கிடைத்த அரைகுறைச் செய்திகளைக் கொண்டு நீதி விசாரணையில் ஒரு பெயரைச் சொல்கிறோம். நாம் சுட்டிய மனிதர் ஊரார் முன் கொல்லப்படுகிறார். அவர்தாம் செய்தாரா என்பதை விளையாட்டு கடைசி வரை உறுதிப்படுத்துவதே இல்லை. பிற்பகுதிகளில் ஆண்டுகள் பல கடந்து அதே ஊருக்குத் திரும்புகிறோம். நாம் சுட்டியவரின் இடம் அங்கே வெறுமையாக இருக்கிறது.

இரவு ஒரு மணிக்குக் கணினியை மூடினேன். உறக்கம் வரவில்லை. 2004-ஆம் ஆண்டு, என் இரண்டாம் பங்கில், திருவிழாக் காணிக்கையில் நாலாயிரம் ரூபாய் குறைந்தது. பெட்டியின் சாவி என்னிடம் ஒன்றும் கோவில்பிள்ளையிடம் ஒன்றும் இருந்தன. அவருடைய மகளுக்கு அம்மாதம்தான் திருமணம் பேசியிருந்தார்கள். அது எனக்குப் போதிய சான்றாகப் பட்டது. வசைமொழி எதுவும் சொல்லவில்லை. காவல் நிலையம் செல்லவில்லை. "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த ஆலயத்தில் மணி அடித்தவர், சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் மறுக்கவில்லை. மறுக்காததையும் நான் சான்றாகவே எடுத்துக்கொண்டேன். அந்தப் பணத்தை யார் எடுத்தார் என்பது இன்றுவரை தெரியாது. எண்ணும்போது நானே ஒரு கட்டை இருமுறை எழுதினேனோ என்னும் ஐயம் சில ஆண்டுகளுக்குப் பின் தோன்றியது. சரிபார்க்க அந்தக் காகிதம் இல்லை.

பென்டிமென்டோ என்பது இத்தாலியச் சொல். ஓவியர் முதலில் வரைந்து, பின் மனம் மாறி மேலே வேறு வண்ணம் பூசிய பிறகும், காலப்போக்கில் அடியிலிருந்து மெல்லத் தெரியும் பழைய கோட்டை அப்படி அழைப்பார்கள். அச்சொல்லின் நேர்ப்பொருள் மனவருத்தம். இதையும் அந்த இரவில்தான் அகராதியில் பார்த்தேன்.

இந்த வகை விளையாட்டுகளையே நான் நாடுகிறேன் என்று எண்ண வேண்டாம். 2025 செப்டம்பரில் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வெளிவந்தபோது, ஏழாண்டு காத்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் மொய்க்க, ஸ்டீம் உள்ளிட்ட இணையச் சந்தைகளே சற்று நேரம் திணறின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆக்கியது அது. அமெரிக்காவில் விலை 20 டாலர்தான். அதே ஆண்டில் நிந்தெண்டோ தன் புதிய மரியோ காரோட்டத்திற்கு 80 டாலர் கேட்டதை நினைத்தால் இது தர்ம விலை. ஆசையோடு நானும் இறக்கினேன். என் விரல்களுக்கு அந்த வேகம் எட்டவில்லை; பூச்சி உருவில் வரும் பகைவர்கள் என்னை இரக்கமின்றிக் கொன்றார்கள். மூட்டுவலிக்குத் தைலம் தடவியதுதான் மிச்சம்.

புத்தாண்டுக்குப் பின் பெங்களூர் சென்றபோது மருமகன் தன் வலிய கணினியில் 'கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்பதைக் காட்டினான். பிரான்சின் மாண்ட்பெல்லியே நகரில் ஒரு சிறு குழு செய்தது. 2025-இன் சிறந்த விளையாட்டு என்னும் விருதைப் பெற்றது. ஒரு நகரம். தொலைவில் ஒரு பெருந்தூண். ஆண்டுக்கொரு முறை ஓவியப் பெண் ஒருத்தி விழித்தெழுந்து தூணில் ஓர் எண்ணை எழுதுவாள்; அந்த வயதுக்காரர் அனைவரும் புகையாய்க் கரைவர். எண் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வந்து முப்பத்து மூன்றை அடைந்திருக்கிறது. முதல் காட்சியிலேயே ஒருத்தி தன் பழைய காதலனின் கையைப் பிடித்தபடி கரைந்து போகிறாள். "மாமா, இந்த ஊர்ல உங்க வயசுக்காரங்க யாருமே இல்ல பாத்தீங்களா?" என்றான் மருமகன் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். ஆனால் அந்நகரத்தில் முதியோர் இல்லம் இல்லை, தாத்தா பாட்டி இல்லை, அநாதைக் குழந்தைகள் மிகுதி என்பதை அதன் தெருக்களில் நடந்தபோது கண்டேன். மருமகன் சண்டைக்கு விரைந்தான். நான் இன்னும் கொஞ்சம் தெருவில் நிற்கச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு தாயும் மகனும் வந்தார்கள். பங்குப் பேரவையில் இதற்கிடையே ஒரு வேண்டுகோள் எழுந்திருந்தது: தவக்காலத்தில் ஒரு மறையுரையைச் 'செல்போன் விளையாட்டின் தீமைகள்' பற்றி அமைக்க வேண்டும் என்று. பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். தாயையும் மகனையும் அமரச் செய்து, மடிக்கணினியைத் திறந்து, வாங்கி வைத்துத் திறக்காதிருந்த ஒன்றை எடுத்தேன்: 'வெண்பா'. 2023 ஜூலையில், டொராண்டோ நகரில் வாழும் தமிழர் ஒருவர் தலைமையில் விசை என்னும் நிறுவனம் ஆக்கியது. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்பாகத் தேர்வானது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்பது தாயின் பெயர்; அவர் கையில் தம் தாயின் பழைய சமையல் குறிப்பேடு. கறைபட்டும் கிழிந்தும் போன அதன் வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். மகன் வளர வளரத் தமிழ் அவன் நாவிலிருந்து நழுவுகிறது.

முதல் சமையல் இட்லி. பையன் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு மாவை ஊற்றினான், தட்டுகளை அடுக்கினான், தவறிற்று. மீண்டும் அடுக்கினான். குறிப்பேட்டின் அந்த இடம்தான் அழிந்திருந்தது. அதுவரை சுவர்ப்பக்கம் பார்த்து அமர்ந்திருந்த தாய் திரும்பினார். "அப்படி வைக்காதல. இட்லிக்கு நேரா இட்லி வந்தா மேல்தட்டு அமுக்கி நசுங்கிப் போவும். மாத்தி வைய்யி" என்றார். பையன் மாற்றி வைத்தான். ஆவி வந்தது. இட்லி வெந்தது. தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுக்கு எவ்வளவு சாமி?" என்று கேட்டார். நான் விலையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவணைப் பணத்தை அவன் எப்படித் திருப்புவது என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். பள்ளி விடுமுறையில் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வான். கூலி தாயின் கைக்குப் போகும். அந்தத் தவக்காலத்தில் விளையாட்டின் தீமைகள் பற்றி நான் மறையுரை ஆற்றவில்லை. பேரவைச் செயலருக்கு வருத்தம்தான்.

உயிர்ப்பு விழாவுக்குப் பின் ஒரு திங்கட்கிழமை இரண்டு பேருந்து மாறி அந்தப் பழைய பங்கிற்குப் போனேன். கோவில்பிள்ளைக்கு எண்பது வயது நெருங்குகிறது, திண்ணையில் அமர்ந்திருந்தார். என்னைக் குரலால்தான் அடையாளம் கண்டார். காணிக்கைப் பேச்சை நான் எடுத்தேன். எண்ணியதில் நானே பிழை செய்திருக்கலாம் என்றும், கேளாமலே தண்டித்தேன் என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு உள்ளே பார்த்து, "சாமிக்குக் காப்பி போடு" என்று மகளுக்குக் குரல் கொடுத்தார். காப்பி வந்தது. "இப்ப அங்க மணி யாரு சாமி அடிக்கா?" என்று கேட்டார். இப்போது மின்விசையில் அடிக்கிறது என்றேன். அவர் எடுத்தாரா இல்லையா என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பையன் இப்போது ஞாயிறுதோறும் பூசைக்குப் பின் அரைமணி நேரம் வருகிறான். சென்ற வாரம் என் கணினியில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தம் அறுபத்து மூணு இருக்கு சாமி. எத்தனை முடிச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

"பதினொன்று."

"பிறகு ஏன் வாங்குனீங்க?"

தள்ளுபடி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கோடைத் தள்ளுபடி அடுத்த மாதம், நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்குத் தொடங்கும். என் விருப்பப் பட்டியலில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அவனே உட்கார்ந்து ஐந்தை அழித்தான். ஆறாவதில் கை வைத்தபோது, அதை மட்டும் விட்டுவிடு என்றேன்.